பெயரால் அழைக்கப்படும் செயற்கூறு: தேர்வுரிமை யாருக்கு?

பிஎச்பி மொழியில் செயற்கூற்றின் பெயரைச் சரமாக ஒரு மாறியில் வைத்து, அதன்பின் அடைப்புக்குறி இட்டால் அந்தச் செயற்கூறு இயங்கும். செயலுருபுகள் எத்தனை வரும் என்பது முன்கூட்டித் தெரியாத இடத்தில் அவற்றை அணியாகக் கட்டி 'கால்_யூசர்_ஃபங்க்_அரே' வழியாக அனுப்புவது நெடுநாள் வழக்கம். 2014இல் வந்த 5.6 பதிப்பு முதல், மூன்று புள்ளி இட்டு அணியை நேரடியாகவே விரிக்கலாம். வேர்ட்பிரஸ் இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது. எந்தச் செருகுநிரல் எந்தச் செயற்கூற்றைப் பதிவு செய்யும் என்பது அதன் மைய நிரலுக்குத் தெரியாது; தெரியவும் வேண்டியதில்லை. ஆகவே இம்முறையையே விலக்க வேண்டும் என்போரின் வாதத்தை ஏற்பதற்கில்லை. பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

சீனாவில் உருவான 'திங்க்பிஎச்பி' சட்டகத்தில் 2018 டிசம்பரில் வெளிப்பட்ட குறைபாடு இதற்குத் தெளிவான சான்று. இணைய முகவரியில் வரும் கட்டுப்படுத்தியின் பெயரைச் சட்டகம் போதுமான அளவு சோதிக்கவில்லை. பெயருக்குள் பின்சாய்கோடு இட்டு, சட்டகத்தின் உள்வகுப்பு ஒன்றையே வெளியாள் அழைக்க முடிந்தது. அங்கிருந்த 'இன்வோக்ஃபங்ஷன்' முறை இரண்டு மதிப்புகளைப் பெறும்: ஒரு செயற்கூற்றின் பெயர், அதற்கான செயலுருபுகளின் அணி. தாக்கியவர்கள் பெயராக 'கால்_யூசர்_ஃபங்க்_அரே'யையும், அணியின் முதல் உறுப்பாக 'சிஸ்டம்' என்பதையும், அடுத்ததாகத் தாம் விரும்பிய கட்டளையையும் அனுப்பினர். உள்நுழைவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு முகவரி வரியில் வழங்கி கைமாறியது. கட்டுப்படுத்திப் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி தவிர வேறெதுவும் வரக்கூடாது என்ற ஒற்றை நிபந்தனையே திருத்தமாக வந்தது.

'இஸ்_காலபிள்' கொண்டு சோதித்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. அது இயக்க முடியுமா என்று மட்டுமே சொல்லும். இயக்கலாமா என்று சொல்லாது. 'சிஸ்டம்' அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆபத்தான பெயர்களைத் தொகுத்துத் தடுக்கும் பட்டியலும் என்றைக்கும் முழுமை பெறாது.

2020இல் வெளியான பிஎச்பி 8.0 பதிப்பு இன்னொரு வாயிலைத் திறந்தது. இதைப் பற்றிய பேச்சு குறைவாக இருப்பது கவலைக்குரியது. அதுவரை 'கால்_யூசர்_ஃபங்க்_அரே' அணியின் சாவிகளைப் பொருட்படுத்தவில்லை. வரிசை மட்டுமே கணக்கு. இப்போது சரச்சாவிகள் அளபுருப் பெயர்களாகவே கொள்ளப்படுகின்றன. பயனர் அனுப்பிய அணியை அப்படியே உள்ளே விட்டால், இடையிலுள்ளவற்றைத் தாண்டி, தான் விரும்பிய விருப்ப அளபுருவை மட்டும் அவர் நிரப்பிவிடலாம். பொருந்தாத சாவி வந்தால் பழைய நிரல் பிழையோடு நின்றுபோகும். 'அரே_வேல்யூஸ்' இட்டுச் சாவிகளைக் களைவது சிறு வேலைதான். ஆனால் கட்டாய வேலை.

வெளியிலிருந்து வரும் சொல் ஒருபோதும் செயற்கூற்றின் பெயராகவே ஆகக்கூடாது. அது ஓர் அனுமதிப் பட்டியலின் சாவியாக மட்டும் இருக்கட்டும். அந்தச் சாவிக்கு எதிரே எந்தச் செயற்கூறு நிற்கிறது என்பதை நிரலாளர் எழுதி வைக்கட்டும். புதிய செயற்கூறு சேரும்போதெல்லாம் பட்டியலைத் திருத்தும் சுமை உண்டு என்பார்கள். உண்மைதான். அந்தத் திருத்தம்தான் ஒவ்வொரு அனுமதியையும் ஒரு மனிதர் பார்த்துக் கொடுத்ததற்கான சான்று. உங்கள் பொறுப்பில் பழைய பிஎச்பி நிரல் இருக்குமானால், மாறியின் பின்னால் அடைப்புக்குறி நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் தேடி எடுத்து, அந்த மாறிக்குள் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.