பெர்ட்டினாக்ஸ்: பிடியும் பழியும்

பிடிவாதக்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் ‘பெர்ட்டினேஷஸ்’ கொஞ்சம் ஏட்டுவாடை அடிப்பது; 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. அதன் மூலம் ‘பெர்ட்டினாக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதன் வேரான ‘தெனேரே’ என்றால் பிடித்திருத்தல். வாடகைக்குக் குடியிருக்கும் டெனன்ட்டும் துறைமுகத்துக் கன்டெய்னரும் இதே வேரில் கிளைத்தவைதாம். விடாமல் பற்றுவது ‘தெனாக்ஸ்’. அதன்முன் ‘பெர்’ சேரும்போது, கடைசிவரை விடாத என்று பொருள் இறுகுகிறது. இந்தக் கூட்டில் எங்கும் பழி இல்லை. பழியை ஏற்றியவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் என்பதே என் வாதம். ரோமச் சொற்பொழிவாளர் சிசரோவே விடாப்பிடியைக் குறையாக, விடாமுயற்சிக்குப் பக்கத்து வீட்டுக் குறையாக, வகைப்படுத்தினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கி.பி. 193இல் ரோமப் பேரரசரான ஒருவரின் பெயரே பெர்ட்டினாக்ஸ்; தந்தை தம் வணிகத்தை விடாப்பிடியாக நடத்தியதால் வந்த பெயர் என்கிறது பழைய வரலாற்று நூல் ஒன்று. வெறும் வசையாக இருந்திருந்தால் அதைச் சூடிக்கொண்டு அரியணை ஏறியிருக்க மாட்டார்.

சொல் கொடுமையானது நீதிமன்றத்தில். ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்களின் கொள்கை எதுவாயினும் அவர்களுடைய பெர்ட்டினாகியாவுக்கே, அதாவது விடாப்பிடிக்கே, தண்டனை தகும் என்று கருதியதாகச் சொல்கிறார். மும்முறை கேட்டும் மறுதலிக்காதவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். குற்றம் என்னவென்று தெளியுமுன்பே விடாப்பிடி குற்றமாகிவிட்டது. பிற்பாடு திருச்சபையே நீதிபதியானபோது அதே சொல்லைக் கையில் எடுத்தது. பிழையான கருத்து மட்டும் ஒருவரைத் தப்பறைக்காரர், அதாவது திருச்சபைக் கோட்பாட்டை மறுப்பவர், ஆக்காது, பிடிவாதமும் சேர வேண்டும் என்றது.

அப்படியானால் விடாப்பிடிக்கும் உறுதிக்கும் வேறுபாடே இல்லையா? உண்டு. அதைத் தெளிவாக வரைந்தவர் திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீன்: உண்மையைத் தேடி, கண்டதும் திருந்த அணியமாக இருப்பவர், தவறாக எண்ணினாலும் தப்பறைக்காரர் அல்லர். அருமையான உரைகல் இது. ஆனால் உரைப்பவர் யார்? 1415இல் திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தின் முன் நின்ற செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ், விவிலியத்திலிருந்து தம் பிழையைக் காட்டினால் விட்டுவிடுவதாகச் சொன்னார். அகுஸ்தீன் கேட்டதும் அதைத்தானே! சங்கமோ பிழையைக் காட்டுவதைவிட, அவர் பணிவதையே கேட்டது. அவரைத் திருந்தாத பிடிவாதக்காரர் என்று தீர்த்து, ஜூலை 6 அன்று எரித்தார்கள். 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 751ஆம் விதியும் தப்பறைக்கு இந்த இலத்தீன் சொல்லையே நிபந்தனையாக வைத்திருக்கிறது.