மடங்குகிற கத்தி, மடங்காத கத்தி

உங்கள் பாக்கெட்டில் எப்போதாவது கத்தி வைத்திருந்ததுண்டா? பயப்படாதீர்கள். கேஸ் போடுவதற்காகக் கேட்கவில்லை. கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, பஸ்ஸில் வாங்கிய கொய்யாவை நாலாக நறுக்க என்று சிலர் வைத்திருப்பார்களே, மடக்குக் கத்தி, அதைச் சொல்கிறேன்.

நான் வைத்திருந்தேன். வெளிநாட்டுச் சரக்கு. ஒரு மாதம் யோசித்து, நாலு பேரிடம் விசாரித்து, 'எந்த முரட்டு வேலைக்கும் தாங்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. விலையை இன்று வரை வீட்டில் சொல்லவில்லை. கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். அந்தக் கத்தியோடுதான் புதூர்நாட்டுக்குப் போனேன்.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் இருக்கிறது புதூர்நாடு. பக்கத்திலேயே புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. 'நாடு' என்றால் ஏதோ ராஜ்ஜியம் என்று நினைத்துவிடாதீர்கள். மலைக்கிராமங்களின் தொகுப்புக்குப் பழைய பெயர் அது. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே வசிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்வதால் மலையாளி. பேசுவது நம் தமிழ்தான்.

ஒரு பெரியவர் வேலிக்காக மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். "கொஞ்சம் இருங்க பெரியவரே, நான் பிளக்கறேன்" என்று என் கத்தியை எடுத்தேன். மூங்கில் தலையில் வைத்து, முதுகில் ஒரு கல்லால் நாலு தட்டு. ஐந்தாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கத்தியின் வாய் ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாக ஆட ஆரம்பித்துவிட்டது.

பெரியவர் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், கத்திக்கு இடுப்பு ஒடிஞ்சிடுச்சே" என்றார்.

பிறகு முதுகுப்பக்கம் கையை விட்டு, இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவினார். கறுத்துப்போன இரும்பு. மரப்பிடி. திருகாணி, ஸ்பிரிங் எதுவும் கிடையாது. இரண்டே போடு. மூங்கில் வாய் பிளந்தது. "எங்கப்பா அடிச்சு வாங்குனது சார். நானு பிடிய மட்டும் மூணு தபா மாத்திக்கிறேன்."

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்பதை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கில் எழுதித்தான் பழக்கம். ஒரு பொருள் நிஜமாகவே தேய்ந்து, தேய்ந்த பிறகும் வேலை செய்வதை அன்றைக்குத்தான் கையில் வாங்கிப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. முரட்டு வேலைக்கு மடங்காத கத்திதான் சரி என்பது அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் மடங்குகிற கத்தியை மனிதன் யாருக்காகக் கண்டுபிடித்தான்?

முதலில் மலைக்கணக்கைப் பார்த்துவிடுவோம். புதூர்நாட்டுப் பகுதியில் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வுக் குழுவினர் புதிய கற்காலத்துக் கற்கோடாரிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். வழவழவென்று தேய்த்து, ஒரு முனையைக் கூராக்கிய கற்கள். சில இடங்களில் ஊரார் அவற்றை மரத்தடியில் வரிசையாக வைத்துப் பிள்ளையாராகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒரு முப்பாட்டன் காடு திருத்திய கருவி, இன்றைக்கு மஞ்சளும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறது.

மலைக்குக் கீழே, அதே திருப்பத்தூர் வட்டாரத்தில் பையம்பள்ளி. 1964-65லும் 1967-68லும் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கீழடுக்கில் கற்கோடாரி, கருகிய கொள்ளு, பச்சைப்பயறு. மேலடுக்கில் இரும்பு. வெறும் இரும்புச் சாமான் மட்டுமல்ல, அந்த இடத்திலேயே இரும்பை உருக்கியதற்கான தடயமும் கிடைத்தது. கல்லை விட்டு இரும்புக்கு மாறிய கதை, ஒரே ஊர் மண்ணுக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது.

கல்லானாலும் இரும்பானாலும் ஒரு குணம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மழுங்கினால், பக்கத்திலிருக்கும் பாறையில் தேய்த்து நீங்களே கூராக்கிக்கொள்ளலாம். பிடி உடைந்தால் காட்டில் ஒரு கட்டை வெட்டிச் செருகலாம். கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

மலையைச் சுற்றியுள்ள நடுகற்களிலும் இதே கத்திக் குடும்பம்தான். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்பான். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். செத்துப்போன வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவனுடைய நாய், அதற்கும் பெயர் உண்டு, கோவிவன். பெயரில் இருக்கும் 'கத்தி' நம் கத்திதானா என்பதைக் கல்வெட்டுக்காரர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.

சரி, மடக்குக் கத்திக்கு வருவோம்.

அது ஒன்றும் நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியில் செய்தது. கரண்டி, முள்கரண்டி, குத்தூசி, கூடவே ஒரு கத்தி. அதை வைத்து யாராவது மூங்கில் பிளந்திருப்பார்களா? பணக்காரன் பயணத்தில் கௌரவமாகச் சாப்பிடுவதற்காகச் செய்த சாமான் அது.

நம்மிடமும் ஒன்று இருந்தது. மடக்கெழுத்தாணி! உ.வே.சாமிநாதையர் தன் இளமைக்காலப் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்லியிருக்கிறார். பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் எழுத்தாணி, கூடவே பனையோலையை வாருவதற்கு ஒரு கத்தி. பிடி மரத்திலும் இருக்கும், தந்தத்திலும் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு போகலாம், குத்தாது. தமிழ்நாட்டின் அசல் 'பாக்கெட் கத்தி' இதுதான் என்பேன். யார் வைத்திருந்தார்கள்? புலவர்கள், கணக்கர்கள். ஏர் பிடித்தவர்களோ காடு வெட்டியவர்களோ அல்ல.

பேனாக்கத்தி என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இந்த ஜாதிதான். ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த கத்தி. இறகு போய், இங்க் பேனா வந்து, அதுவும் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, மடங்கும் கத்தி பிறந்தது சாப்பாட்டு மேஜையிலும் எழுத்து மேஜையிலும். அது எப்படி எல்லோருடைய பாக்கெட்டுக்கும் வந்தது? விலை, வசதி என்று பல காரணங்கள். நான் சொல்லப்போவது அதிகம் பேசப்படாத ஒன்று. சர்க்கார்.

1854. மலபார் அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. மாப்பிள்ளைக் கலகங்களால் அரண்டுபோன கம்பெனி அரசு, போர்க்கத்தி வைத்திருப்பதையே குற்றமாக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது. கலெக்டர் கனோலி ஊர் ஊராகப் போய்க் கத்தி வசூலித்தார். வரி வசூல் மாதிரி கத்தி வசூல்! ஏழாயிரத்துக்கும் மேல் சேர்ந்தது. 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குக் கத்தி மட்டும் காரணமில்லை, வேறு பகைகளும் இருந்தன.

1878-ல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம். ஆனால் குடகர்களுக்கு விலக்கு. அவர்கள் முதுகில் செருகும் ஒடிக்கத்தியையும் முன்னால் செருகும் பீச்சேக்கத்தியையும் யாரும் கேட்கவில்லை. விசுவாசமானவர்கள் என்று வெள்ளைக்காரன் முடிவு செய்துவிட்டான், அவ்வளவுதான். கத்தியின் நீளத்தைவிட அதை இடுப்பில் வைத்திருப்பவன் யார் என்பதுதான் முக்கியம்.

ஜப்பானிலும் இதே கதை. 1876-ல் சாமுராய்கள் வாள் அணியத் தடை வந்தது. வாளை நம்பிப் பிழைத்த கொல்லர்கள் வேறு வேலை தேடினார்கள். 1890களில் 'ஹிகோனோகாமி' என்ற எளிய மடக்குக் கத்தி வந்தது. பூட்டுகூடக் கிடையாது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பையன்கள் பென்சில் சீவினார்கள். 1960-ல் சோஷலிஸ்ட் தலைவர் அசானுமாவை மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் குட்டை வாளால் குத்திக் கொன்றான். 'பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்காதீர்கள்' என்று நாடெங்கும் இயக்கம். குத்தியது வாள், தண்டனை பென்சில் சீவிய கத்திக்கு!

இங்கிலாந்தில் இன்றைக்கும் காரணம் கேட்காமல் பொது இடத்தில் அனுமதிக்கும் கத்தி, மூன்று அங்குலத்துக்கு மிகாமல் மடங்க வேண்டும், பூட்டிக்கொள்ளவும் கூடாது. அதாவது எந்தக் கத்தி உங்கள் விரலை நறுக்குமோ, அதைத்தான் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் மலைக்கு வேறொரு சட்டம் வந்தது. 1882-ம் வருட வனச் சட்டம். காட்டுக்கு எல்லை போட்டார்கள். அதுவரை வெட்டியதும் பொறுக்கியதும் வாழ்க்கையாக இருந்தது, ஒரு கையெழுத்தில் குற்றமாகிவிட்டது. வனக்குற்றம் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் கட்டையை மட்டுமல்ல, கயிறு, வண்டி, மாடு, கருவி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். யோசித்துப் பாருங்கள். சாமைக்கொல்லை வேலைக்கும் அதே கொடுவாள், விறகுக்கும் அதே கொடுவாள். அது போனால் அடுத்த நாள் பிழைப்பு போச்சு. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்து, காட்டுப் பொருள் சேகரிப்பது உரிமை என்று எழுதிக் கொடுத்தது. சந்தேகத்தை எந்தச் சட்டமும் வாபஸ் வாங்கவில்லை.

அந்தச் சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதை 2015 ஏப்ரல் 7-ம் தேதி பார்த்தோம். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. எங்களைத் தாக்கினார்கள், சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். மரத்தை வாங்கி விற்கிற முதலாளிகள் யாரும் அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை. கூலிக்குக் கோடாலி பிடிக்கத் தெரிந்தவன்தான் மாட்டுவான்.

மனசு கனத்துவிட்டதா? எனக்கும்தான். ஆனால் ஆரம்பித்த விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நீங்கள் திட்டுவீர்கள். கத்தி வாங்கலாமா, எதை வாங்கலாம்?

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் இடுப்பு, அதாவது அச்சாணி. என்னதான் உசத்தி இரும்பாக இருந்தாலும், பக்கவாட்டில் நெம்பினாலோ மேலே தட்டினாலோ பாரம் முழுக்க அந்தச் சின்ன ஆணியில்தான் இறங்கும். பாக்கெட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், பாகங்கள் குறைந்ததாகப் பாருங்கள். பிரான்ஸில் ஜோசஃப் ஒபினெல் 1890-ல் செய்தது அப்படிப்பட்டது. மரப்பிடி, ஒரு தகடு, ஒரு ஆணி. 1955-ல் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள், திருகினால் பூட்டிக்கொள்ளும். குடியானவனுக்கான கத்தி. ஜெர்மனியின் ஸோலிங்கனில் 1902-ல் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காகச் செய்த 'ஒகாபி'யும் ஏழைத் தொழிலாளியின் கத்திதான். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ரவுடிகள் கத்தி என்று அதற்கும் பெயர் கெட்டது. சொன்னேனே, யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான்...

துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகு. மலிவானதில் கூர் நிற்காது. கார்பன் எஃகு துருப்பிடிக்கும், ஆனால் நன்றாகக் கூர் ஏறும், ஆற்றங்கரைக் கல்லிலேயே தீட்டிவிடலாம். துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போட்டால் போதும்.

நிஜமாகவே முரட்டு வேலை என்றால், நெம்புவது, பிளப்பது, வெட்டுவது என்றால், பாக்கெட்டை மறந்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பார்கள். வாய்ப்பக்கத்துக்கு மட்டும் பதம் கொடுத்து, முதுகை மிருதுவாக விட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். வாய் கெட்டியாக இருந்தால் கூர் நிற்கும். முதுகு மிருதுவாக இருந்தால் தட்டும்போது உடையாது. பிடிக்குள் போகிற இரும்பு கடைசி வரை போகிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்றால், என் கத்திக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

நானும் ஒன்று அடித்து வாங்கினேன், அடுத்த முறை போனபோது, மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில். செய்தித்தாளில் சுற்றி, தோள்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். எனக்கு முன் சீட்டில் வேட்டியும் துண்டுமாக ஒருவர், மடியில் ஒரு கோணிப்பை. அவரை இறங்கச் சொல்லி, பையைத் தரையில் கொட்டச் சொன்னார்கள். புளியும் நாலைந்து சீத்தாப்பழமும் உருண்டன.

என் பையைத் திறக்கச் சொல்லவில்லை. "நீங்க உக்காருங்க சார்" என்றார்கள்.