போக்சன் கண்ட புது விண்மீன்

விண்மீன் ஒளியை அளக்க இன்றும் பயன்படும் அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். இதன்படி ஐந்து படிகளுக்கு இடையே ஒளி 100 மடங்கு மாறும். ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு.

1860 மே 28 இரவு அவர் விருச்சிகத்திலுள்ள எம்80 விண்மீன் கொத்தைத் தொலைநோக்கியில் பார்த்தார். மங்கிய புகைத்திட்டு தெரிய வேண்டிய இடத்தில் ஏழாம் படியையொட்டிய விண்மீன் ஒன்று பளிச்சென்று நின்றது. ஜெர்மானியரான ஆவர்ஸ் ஒரு வாரம் முன்பே அதைக் கண்டிருந்தார். ஜூன் 10க்குள் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெண்குறுமீன் ஒன்று துணை விண்மீனிடமிருந்து இழுத்துச் சேர்த்த ஹைட்ரஜன் வெடிப்பதே இத்தகைய நோவா என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

1861இல் போக்சன் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். அங்கே சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தது அந்த ஆய்வகத்தின் தலையாய சாதனைகளுள் ஒன்று. போக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார்.