விவிலியத்தில் ஒரே கடவுளும் பிற தெய்வங்களும்

கடவுள் ஒருவரே என்று விவிலியம் போதிக்கிறதா, அல்லது பிற தெய்வங்களும் இருப்பதாக ஒப்புக்கொண்டு அவற்றை வணங்காதே என்று மட்டும் சொல்கிறதா என்பது விவிலிய ஆய்வில் நெடுநாளாக நடந்துவரும் விவாதம். இரண்டு பக்கத்துக்கும் விவிலியத்திலேயே சான்று உண்டு. பழைய ஏற்பாட்டின் தொன்மையான பகுதிகள் பல, அண்டை இனத்தாருக்கும் தெய்வங்கள் உண்டு என்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு பேசுகின்றன. கி.மு. 6ஆம் நூற்றாண்டில், பாபிலோன் சிறையிருப்பின்போது எழுந்த பகுதிகளோ மற்றத் தெய்வங்கள் இல்லவே இல்லை என்கின்றன. விவிலியம், பல நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த தொகுப்பு. எல்லாப் பக்கத்திலும் ஒரே குரலை எதிர்பார்ப்பவர்கள்தான் இந்த இடங்களில் தடுமாறுகிறார்கள்.

தகடூர் மண்ணில் இந்தக் கேள்வி

தருமபுரி மாவட்டத்தில் இது ஏட்டோடு நிற்கும் கேள்வி அல்ல. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாடு, நடுகற்கள் நிறைந்த மண். ஆநிரை மீட்கும் பூசலில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல், தலைமுறைகள் சில கடந்ததும் ஊர்த்தெய்வமாகிவிடும். அரூர், ஊத்தங்கரை, செங்கம் வட்டாரங்களில் நடுகற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறுகின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைக் காணலாம். வேடியப்பனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பம் மாரியம்மனையோ தீர்த்தமலை ஈசனையோ மறுப்பதில்லை. ஒரு தெய்வம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அது யாருக்கு உரியது, எந்த எல்லையைக் காக்கிறது என்றே கேட்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குக் கத்தோலிக்கம் 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினரின் மைசூர் மிஷன் வழியாக வந்தது. கோவிலூர் இங்குள்ள பழைய பங்குகளுள் ஒன்று. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1827இல் சேலத்தில் பணி தொடங்கினார்கள். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமானது. சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அதில் அடங்கும். குலதெய்வமும் எல்லைத்தெய்வமும் நாள்தோறும் புழங்கும் ஊர்களில் விவிலியம் வாசிக்கப்படுவதால், பழைய ஏற்பாட்டின் சில பக்கங்கள் ஐரோப்பிய வாசகருக்குப் புரிவதைவிட இங்குள்ளவருக்குச் சட்டென்று புரியும்.

நிலமும் தெய்வமும்

நியாயாதிபதிகள் (நீதித் தலைவர்கள்) நூலின் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் தலைவன் யெப்தா அம்மோன் அரசனிடம் தூது அனுப்பி எல்லை வழக்குப் பேசுகிறான். உன் தெய்வமான காமோஸ் உனக்குக் கொடுத்த நிலத்தை நீ வைத்துக்கொள், எங்கள் கடவுள் எங்களுக்குக் கொடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்பது அவன் வாதம். காமோஸ் உண்மையில் மோவாபியரின் தெய்வம். அம்மோனியரின் தெய்வம் மில்கோம். அந்தக் குழப்பம் எப்படி நேர்ந்தது என்பது தனி ஆராய்ச்சி. இங்கே கவனிக்க வேண்டியது, காமோஸ் வெறும் கற்பனை என்று யெப்தா சொல்லவில்லை என்பது. அரசன் சவுலால் துரத்தப்பட்ட தாவீதும், தன்னை நாட்டைவிட்டு விரட்டுவது வேறு தெய்வங்களைச் சேவிக்கப் போ என்று சொல்வதற்குச் சமம் என்றே முறையிடுகிறான் (1 சாமுவேல் 26).

மறுபக்கத்தின் குரல் கல்லிலேயே கிடைத்திருக்கிறது. இன்றைய யோர்தானில் உள்ள தீபானில் 1868இல் கண்டெடுக்கப்பட்ட மேசா கல்வெட்டு, ஒரு மீட்டருக்குச் சற்றே கூடிய உயரமுள்ள கருங்கல். கி.மு. 9ஆம் நூற்றாண்டு மோவாப் அரசன் மேசா பொறித்தது. கண்டெடுத்த மறு ஆண்டே உள்ளூர்ச் சண்டையில் துண்டு துண்டாக உடைபட்டது. அதற்குமுன் எடுத்திருந்த தாள் அச்சுப்படியை வைத்து ஒட்டிச் சேர்த்து, இப்போது பாரீசின் லூவர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். காமோஸ் தன் நாட்டின்மேல் சினம் கொண்டிருந்ததால் இஸ்ரவேல் மோவாபை ஒடுக்கியது, பிறகு காமோஸ் கட்டளையிட்டதால் நேபோ ஊரைப் பிடித்தேன், அங்கிருந்த, இஸ்ரவேலரின் கடவுளான யாவேயின் பொருள்களை இழுத்துவந்து காமோசின்முன் வைத்தேன் என்கிறான் மேசா. நாட்டின்மேல் தெய்வத்தின் சினம், பகைவரின் வெற்றி, பிறகு மீட்பு என்ற இந்த வரிசை நியாயாதிபதிகள் நூல் திரும்பத் திரும்பச் சொல்வதே. தெய்வத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. இதே மேசா 2 இராஜாக்கள் (2 அரசர்கள்) 3ஆம் அதிகாரத்தில் வருகிறான். முற்றுகையில் சிக்கியபோது தன் மூத்த மகனைக் கோட்டைமதில்மேல் பலியிடுகிறான். உடனே இஸ்ரவேலர்மேல் கடுங்கோபம் மூண்டது, அவர்கள் திரும்பிப் போனார்கள் என்று அந்த வசனம் முடிகிறது. யாருடைய கோபம் என்று விவிலியம் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் பலவிதமாக விளக்கியிருந்தாலும், காமோசின் கோபம் என்பதே கதையின் பழைய வடிவமாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவது நியாயமாகவே படுகிறது.

அதே நூலின் 5ஆம் அதிகாரத்தில் வரும் நாகமானின் கதையை இந்த மாவட்டத்தார் நின்று வாசிக்க வேண்டும். தீர்க்கதரிசி எலிசாவால் தொழுநோய் நீங்கிய சிரியப் படைத்தலைவன் அவன். உலகமெங்கும் வேறு கடவுள் இல்லை என்று அறிக்கையிட்ட கையோடு, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரவேல் மண் வேண்டும் என்று கேட்கிறான். ஊர் பெயர்ந்து போகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் கோயில் எழுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. நாகமான் கேட்டது அதுதான். ஒரே கடவுள் என்ற அறிக்கையும் அந்தக் கடவுள் ஒரு மண்ணோடு கட்டுண்டவர் என்ற நம்பிக்கையும் ஒரே மனிதன் வாயில் அடுத்தடுத்து வருகின்றன. அதோடு விடாமல், என் அரசன் ரிம்மோன் கோயிலில் கும்பிடும்போது நானும் குனிய நேரும், அதை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கிறான். சமாதானத்தோடே போ என்று எலிசா அனுப்பிவிடுகிறார். பிற தெய்வ வழிபாட்டைக் கடுமையாகத் தண்டிக்கும் இணைச்சட்ட (உபாகமம்) நூலும் இந்தச் சாந்தமான விடைகொடுப்பும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன.

தெய்வ சபை

82ஆம் சங்கீதத்தில் கடவுள் தெய்வங்களின் சபையில் எழுந்து நின்று அவர்கள்மேல் வழக்குரைக்கிறார். ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நீதி செய்யாததால் அவர்கள் மனிதரைப்போல் செத்துப்போவார்கள் என்று தீர்ப்பு. அவர்கள் மனித நீதிபதிகளே என்பது மரபான விளக்கம். ஆனால் ஏற்கெனவே மனிதராக இருப்பவரிடம் மனிதரைப்போல் சாவாய் என்று சொல்வதில் தண்டனை ஏது? சிரியாவின் ராஸ் சம்ராவில் 1928இல் வெளிப்பட்ட உகரித் நகரின் களிமண் பலகைகளில், தலைமைத் தெய்வமான ஏல் தெய்வ சபையைக் கூட்டுகிறார். அவர் துணைவி அதிராத்துக்கு எழுபது மக்கள். சங்கீதக்காரர் அந்தக் கானானியச் சித்திரத்தை அறிந்தே எடுத்து, நீதி தவறிய தெய்வங்கள் பதவி இழப்பதைக் காட்டப் பயன்படுத்தியிருக்கிறார் என்று கொள்வதே பொருந்தும்.

எழுபது என்ற எண் இணைச்சட்டத்தோடும் தொடர்புடையது. 32ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் உன்னதமானவர் இனங்களுக்கு எல்லை வகுத்தபோது, அந்த எல்லைகளை இஸ்ரவேல் மக்களின் தொகைக்கு ஏற்ப வகுத்தார் என்று பிற்கால எபிரேயப் பிரதி சொல்கிறது. புரொட்டஸ்டன்டுத் தமிழ் வேதாகமமும் அவ்வாறே. ஆனால் சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த தோல்சுருள் துண்டு ஒன்று, தெய்வ மக்களின் தொகைக்கு ஏற்ப என்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கடவுளின் தூதர்கள் என்று இருக்கிறது. ஆக, மிகப் பழைய வடிவில் ஒவ்வோர் இனமும் ஒரு தெய்வ மகனின் பொறுப்பில் விடப்பட்டது; இஸ்ரவேல் யாவேயின் பங்காயிற்று. ஆதியாகமம் (தொடக்க நூல்) 10இல் எண்ணப்படும் இனங்களும் எழுபது. படியெடுத்தவர் யாரோ இந்தக் கருத்தைக் கண்டு சங்கடப்பட்டு மாற்றியிருக்கிறார் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

இஸ்ரவேலருக்குள்

தொல்லியல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சினாய்ப் பாலைவனத்தின் குந்தில்லத் அஜ்ருதில் 1975–76இல் நடந்த அகழாய்வில் பெரிய தாழிகள் இரண்டு கிடைத்தன. கி.மு. 800ஐ ஒட்டியவை. அவற்றுள் ஒன்றில், சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் ஆசி கூறி எழுதியிருக்கிறது. அந்த அசேரா தேவியா, அவளைக் குறிக்கும் மரத்தூணா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் சாதாரண மக்களின் வழிபாடு தீர்க்கதரிசிகள் விரும்பியபடி இருக்கவில்லை. எரேமியா 7இல் பிள்ளைகள் விறகு பொறுக்க, தகப்பன்மார் தீ மூட்ட, பெண்கள் மாவு பிசைந்து விண்ணரசி என்ற தேவிக்குப் பணியாரம் சுடுகிறார்கள். 44இல் எருசலேம் அழிந்தபின் எகிப்துக்கு ஓடிய பெண்கள் எரேமியாவை நேருக்கு நேர் மறுக்கிறார்கள்: விண்ணரசிக்குத் தூபம் காட்டியவரை நன்றாக இருந்தோம், நிறுத்திய நாள் முதல்தான் இந்தக் கேடு. விவிலியம் அவர்கள் வாதத்தைக் கண்டித்தாலும் மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. அந்த நேர்மையால்தான் நாம் இன்று இவ்வளவு பேச முடிகிறது.

கி.மு. 622ஐ ஒட்டி யோசியா அரசன் எருசலேம் ஆலயத்திலிருந்தே அசேரா உருவத்தை அகற்றி எரித்தான். இதற்கு இரு நூற்றாண்டு கழித்தும் எகிப்தின் எலிபன்டைன் தீவில் யூதர்கள் யாகு என்ற பெயரில் தங்கள் கடவுளுக்கு ஆலயம் வைத்திருந்தார்கள். அங்குக் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில் அனாத் தேவியின் பெயரும் சேர்ந்து வருகிறது.

மற்றவை இல்லை என்ற அறிக்கை

பத்துக் கட்டளையின் முதல் கட்டளை வேறு தெய்வங்களை வைத்துக்கொள்ளாதே என்கிறது. அவை இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல் ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்களில் வருகிறது. கி.மு. 587ஐ ஒட்டி ஆலயம் இடிந்தது, அரசன் பிடிபட்டான், மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லைத்தெய்வக் கணக்குப்படி பார்த்தால் பாபிலோனின் தெய்வமான மர்துக் வென்றார், யாவே தோற்றார். அடிமைப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் அதை ஏற்க மறுத்து, பாபிலோனையும் பாரசீக அரசன் கோரேசையும் நடத்துகிறவர் எங்கள் கடவுளே, அவருக்கு முன்னும் பின்னும் வேறொருவரும் இல்லை என்றது. உலகச் சமய வரலாற்றில் இதைப்போன்ற துணிவு அரிது. 44ஆம் அதிகாரம், மரம் வெட்டியவன் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து இறைச்சி சுட்டுத் தின்று, மீதியைச் செதுக்கி விழுந்து கும்பிடுவதை விவரித்துக் கண்டிக்கிறது.

தமிழ்நாட்டில் மிஷனரிகள் மிகுதியாகக் கையாண்ட பகுதி இதுதான். ஆனால் இங்கே அது எதிர்கொண்டது பாபிலோனியரை அல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, தமிழர்கள் எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருள் ஒன்றை ஏற்கிறார்கள் என்று கண்டு, 1713இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை அந்தப் பரம்பொருளிலிருந்தே தொடங்கினார். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், எருசலேம் ஆலயத்தின் விளக்கு, தூபம், பலி, சுத்தி முறைகளை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி, சைவ ஆலய வழிபாட்டைப் பழிக்க உங்களுக்கு வழியில்லை என்று வாதிட்டார். விவிலியத்தை வரிவரியாக அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய நூல் அது.

அறிஞர் நிலைப்பாடுகள்

மார்க் ஸ்மித் போன்றோர் யாவே வழிபாடு கானானியச் சூழலிலிருந்து படிப்படியாகப் பிரிந்து ஒரே கடவுள் கொள்கையாக வளர்ந்தது என்கிறார்கள். மைக்கேல் ஹெய்சர், தெய்வ சபையில் இருப்போர் படைக்கப்பட்ட ஆவிகளே, யாவேக்கு நிகரானோர் அல்லர் என்று கொண்டு மரபான நம்பிக்கையைக் காத்தார். நேத்தன் மெக்டொனால்ட் எழுப்பும் கேள்வி இன்னும் அடிப்படையானது: ஒரே கடவுள் கொள்கை என்ற கலைச்சொல்லே 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது, இணைச்சட்டம் கேட்பது எத்தனை தெய்வம் என்ற கணக்கை அல்ல, முழு இதயத்தோடு அன்புகூர்தலை. இவற்றுள் மெக்டொனால்டின் பார்வையே நூலின் உள்ளத்துக்கு மிக நெருங்கி வருகிறது.

புதிய ஏற்பாட்டில்

இயேசு, கடவுள் ஒருவரே என்ற இணைச்சட்ட அறிக்கையை முதன்மைக் கட்டளையாக வைத்தார் (மாற்கு 12). பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். சிலை ஒன்றுமில்லை, கடவுள் ஒருவரே. ஆயினும் தெய்வங்கள், ஆண்டவர்கள் எனப்படுவோர் பலர் உண்டு, நமக்கோ ஒருவரே என்பது 8ஆம் அதிகாரம். அந்தப் பலிகள் பேய்களுக்கு இடப்படுபவை என்பது 10ஆம் அதிகாரம். கொரிந்து நகரில் கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைக்கும் விருந்துக்கும் வந்தது. கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம். அழைத்தவர் வீட்டில் வைப்பதையும் உண்ணலாம். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு உண்ண வேண்டாம் என்பது அவர் வகுத்த வழி.

தருமபுரி ஊர்களில் மாரியம்மன் திருவிழாவின் கூழும் கிடாக்கறியும் கிறித்தவ உறவினர் வீட்டு வாசலுக்கு வரும்போது முன்னிற்பது இதே கேள்விதான். படையல் என்றால் வாங்காதவர்கள் பலர், குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபையினர். உறவு முறியக் கூடாதென்று வாங்கி உண்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் எடுத்துக்காட்டுவது கொரிந்தியர் கடிதத்தின் அதே இரு அதிகாரங்களை.