தாது வருஷமும் ஒரு பவுண்டு தானியமும்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. அப்பா அந்த ஊர் முன்சீப். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளை பிறந்தபோது சுற்றுவட்டாரம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஊரில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று கணக்கு எழுதுவது கிராம முன்சீப்பின் வேலை. 1877இல் அந்த ஏடுகளில் எந்தப் பக்கம் வேகமாக நிறைந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அன்று சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். இன்று லாரியும் சிப்காட் பஸ்ஸும் நெரிசலடிக்கும் மேட்டுநிலம், அன்று மானாவாரி ராகிக் காடு. ராகியைப் பூச்சி எளிதில் தொடாது, வருடக்கணக்கில் கெடாது. மண்ணுக்கடியில் குழி வெட்டி, வைக்கோல் அண்டக் கொடுத்து, ராகியைக் கொட்டி மூடிவிடுவார்கள். திறக்கும்போது உடனே யாரும் உள்ளே இறங்கமாட்டார்கள். அடைபட்ட விஷக்காற்று வெளியேறும்வரை காத்திருந்து, விளக்கை இறக்கிப் பார்த்து, சுடர் அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்கும். ஒரு வருடம் மழை பொய்த்தால் அந்தக் குழி ஊரைத் தாங்கும்.

1876இல் தென்மேற்குப் பருவமும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. அடுத்த வருடமும் மழை காலத்தில் இறங்கவில்லை. குழி வைத்திருந்தவர் பாடு கொஞ்ச நாள் ஓடியது. குழியே இல்லாத கூலிக்காரரும் நெசவாளரும் முதலில் விழுந்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இலேயே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தானியம் வந்து இறங்கியது. அதை வாங்கக் கையில் காசுதான் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூரில் நிலைமை இன்னும் மோசம் என்பதால், ஓடிப் போகவும் திசை இல்லை.

இந்த நேரத்தில்தான் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்கு அவர் வைத்த கூலி, வயது வந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே சிறிது காசு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்கக் கல் உடைப்பவனுக்கு, மண் சுமப்பவளுக்கு அது எந்த மூலைக்கு? மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைத்தான் கேட்டார். இந்த அளவில் ஆள் இளைத்துச் சாவான் என்று அவர் எழுத, டெம்பிள் மறுக்க, பத்திரிகைகள் வரைக்கும் சண்டை போனது. சில மாதங்களில் சென்னை அரசு அந்த அளவைக் கைவிட்டது. கார்னிஷ் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது.

ஆனால் பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாகவில்லை. காலரா, பேதி, அம்மை, காய்ச்சல் என்றுதான் கணக்கில் ஏறினார்கள். அதனால் பஞ்சச் சாவைக் குறைத்துக் காட்டுவதும் அதிகாரிகளுக்குச் சுலபமாக இருந்தது. நோயில் போனான், பசியில் போகவில்லை என்று எழுதி முடித்துவிடலாம் அல்லவா?

அந்தப் பிரிவினை எவ்வளவு பொய் என்பதை உடலே காட்டியது. சென்னை நிவாரண முகாமில் செத்தவர்களை அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்து, பின்னால் 1889இல் புத்தகமாகவே வெளியிட்டார். பலருக்குக் குடல் சுவர் மெலிந்து தேய்ந்திருந்தது. இன்று அதன் பொருள் நன்றாகப் புரியும். நோய்க்கிருமியை முதலில் மறிப்பது வயிற்று அமிலமும் குடலின் மெல்லிய தோலும்தான். பட்டினியில் அமிலம் குறையும், தோல் தேயும். காலராக் கிருமிக்குக் கதவு திறந்த வீடு மாதிரி. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் நோயை எதிர்க்கும் டி-அணுக்கள் பயிற்சி பெறுகின்றன. சத்துக் குறைந்தால் அந்தச் சுரப்பி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சுருங்கிப்போகும். காய்ச்சலுக்கும் எரிபொருள் வேண்டும்: உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடல் செலவழிக்கும் சக்தி பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். 1,600 கலோரியில் கல் உடைத்துவிட்டு அதையும் எங்கிருந்து கொடுப்பது?

இதில் எதுவும் கார்னிஷுக்குத் தெரியாது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களை மெச்னிகாஃப் கண்டது 1882இல். கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிடித்தது 1884இல். கார்னிஷ் நம்பியது கண்ணெதிரே இளைத்துப்போன ஆட்களை.

கொடுமை என்னவென்றால், மழை வந்தபிறகும் சாவு நிற்கவில்லை. 1877 கடைசியில் நல்ல மழை. வறண்டு கிடந்த குட்டைகளில் நீர் நின்றது, கொசு பெருகியது, எதிர்ப்புச் சக்தி வற்றிய உடம்புகளில் மலேரியா புகுந்தது. விதைக்கப் போனவர்கள் வரப்பிலேயே சுருண்டார்கள். முகாமின் கூட்டமும் கலங்கல் நீரும் காலராவைப் பரப்பின என்றால், கிராமத்தை முடித்தது காய்ச்சல்.

பிறகு ஊர் எப்படி எழுந்தது? இதை எழுதியவர்கள் குறைவு. செத்த கதைக்கு இருக்கும் ஈர்ப்பு உழுத கதைக்கு இல்லை. முதல் தடை ஆள் அல்ல, மாடு. தீவனமில்லாமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. ஏர் பூட்ட ஒரு ஜோடி கிடைப்பதே அரிது. அரசு நிலவரியில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தது, விதைக்கும் மாட்டுக்கும் தக்காவிக் கடன் கொடுத்தது. இரண்டும் பட்டா உள்ளவனுக்கே போய்ச் சேரும். ஊருக்கு ஊர் முதலில் விழுந்த கூலிக்காரருக்கு அதில் பங்கில்லை.

உடம்பும் மெதுவாகத்தான் மீண்டது. பட்டினி கிடந்த பெண்களுக்குக் கரு தங்குவது அரிது. 1878இல் பிறப்புகள் படுவீழ்ச்சி. தொரப்பள்ளிக் குழந்தை அந்தச் சொற்பத்தில் ஒன்று. பஞ்சத்தில் அதிகம் போவது கிழவர்களும் சிசுக்களும் என்பதால், மிஞ்சியவர்களில் இளவயதினர் விகிதம் கூடியிருந்தது. உணவு திரும்பியதும் பிறப்பும் திரும்பியது.

பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை கொடுத்தது; அதன்பேரில் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. சென்னை மாகாணத்தின் கசப்பான பாடம் அதில் உண்டு. பள்ளியில் மதிய உணவைக் காமராசர் 1956இல் பரவலாக்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியதும் அந்த விதிகளின் வழித்தோன்றல் இல்லை. ஆனாலும் தடுப்பூசியையும் தட்டுச் சோற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொதுச் சுகாதாரம் தமிழ்நாட்டில் வேர் பிடித்ததற்கு அவை பெரும் காரணம். ஊட்டமில்லாத உடம்பில் சில தடுப்பூசிகள் முழுப் பலன் தருவதில்லை.

கடைசிக் கணக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 1871இல் சேலம் ஜில்லாவில் 19,66,995 பேர். 1881இல் 15,99,595 பேர். 1891இல் 19,62,591. இருபது வருடம் கழிந்தும் பழைய எண்ணிக்கைக்கு நான்காயிரத்துக்கு மேல் குறைவு. ஜில்லா அதைத் தாண்டியது 1901 கணக்கெடுப்பில்தான்.