சாபத்தில் பிறந்த கதைக்கடல்

வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று என்று சொல்லாத தமிழர் இல்லை. தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாகச் சுடுகாட்டு இருளில் நடக்கும் விக்கிரமனை 'அம்புலிமாமா'வின் பக்கங்களில் கண்டு அஞ்சி, அஞ்சியபடியே அடுத்த திங்கள் இதழுக்குக் காத்திருந்தவர் நம்முள் பலர். மாயமும் மந்திரமும் சாபமும் நிறைந்த அக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவற்றின் மூலத்தைத் தேடிச் செல்வோர் காண்பது ஒரு புலவன் மொழியிழந்த வரலாற்றை. பிறமொழி நிலத்தில் வாழும் நமக்கு அது மிக அணுக்கமானது.

வேதாளக் கதைகளின் பழைய வடிவங்களுள் புகழ்பெற்றது, காசுமீரத்து அரசன் அனந்தனின் தேவி சூரியவதியின் உள்ளம் மகிழ, 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் யாத்த 'கதாசரித்சாகரம்' என்னும் நூலில் உள்ளது. அங்கே மன்னன் பெயர் திரிவிக்கிரமசேனன். வேதாளம் தங்கும் மரமும் முருங்கையன்று, சிம்சபை. தமிழகம் வந்த வேதாளம் நம் கொல்லைப்புறத்து மரத்தைத் தேர்ந்துகொண்டது போலும்!

தம் நூல் குணாட்டியரின் 'பிருகத்கதை'யின் சுருக்கமே என்பார் சோமதேவர். அப்பெருங்கதை பிறந்த விதத்தையும் அவர் கூறுகின்றார். சிவபெருமான் உமையம்மைக்குத் தனித்துரைத்த கதைகளைப் புட்பதந்தன் என்னும் கணத்தலைவன் மறைந்திருந்து கேட்டான். அன்னை அவனை மானிடனாகப் பிறக்கச் சபித்தாள். அவனுக்காகப் பரிந்து பேசிய மாலியவானும் அச்சாபத்துக்கு ஆளானான். அந்த மாலியவானே மண்ணுலகில் குணாட்டியராகப் பிறந்து, சாதவாகன மன்னனின் அமைச்சரானார்.

ஒருநாள் நீர்விளையாட்டின்போது அரசி, 'நீரை இறைக்க வேண்டா' என வடமொழியில் கூறினாள். சொற்புணர்ச்சியை அறியாத மன்னன், 'மோதகம்' கேட்கின்றாள் என எண்ணி இனிப்பு வரவழைத்தான். அவள் நகைத்தாள், அவன் நாணினான். இலக்கணம் கற்பிக்க 6 ஆண்டு வேண்டும் என்றார் குணாட்டியர். 6 திங்களில் கற்பிப்பேன் என்றார் சர்வவர்மர். அவ்வாறு கற்பித்துவிட்டால் வடமொழி, பிராகிருதம், நாட்டுமொழி மூன்றையும் துறப்பேன் எனச் சூளுரைத்த குணாட்டியர் தோற்றார். பேச ஒரு மொழியுமின்றி விந்தியக் காடு புகுந்தார்.

அங்கே, புட்பதந்தனிடம் கதைகளைக் கேட்டிருந்த காணபூதி என்னும் பிசாசு, அவற்றைப் பைசாச மொழியில் அவருக்கு உரைத்தது. குணாட்டியர் 7 ஆண்டுகளில் 7 இலட்சம் சுலோகங்களை, மை இன்மையால் தம் குருதி கொண்டு எழுதினார். மன்னனோ இழிமொழி என்று அதனை இகழ்ந்து மறுத்தான். மனமுடைந்த குணாட்டியர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாகப் படித்துப் படித்து எரித்தார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து, கண்ணீர் மல்கக் கேட்டு நின்றன. உண்மையறிந்து மன்னன் ஓடிவருவதற்குள் 6 இலட்சம் எரிந்துவிட்டன. எஞ்சியது ஓர் இலட்சமே.

இது புனைவு எனலாம். ஆயினும், பைசாச மொழியிலமைந்த அம்மூலநூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. அது பிறமொழிகளிலேயே உயிர் தரித்தது. தமிழில் அம்மரபின்வழிக் கொங்குவேளிர் உதயணன் வரலாற்றைப் 'பெருங்கதை'யாகப் பாடினார். முதலும் முடிவும் கிட்டாத அந்நூலை 1924-இல் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றினார்.

இம்மரபின் மற்றொரு கிளையே அம்புலிமாமா. 1947 சூலையில் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்கரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் இதனைத் தொடங்கினர். 1949-இல் இந்தி வந்தது. பின்னர் மராத்தி, ஒரியா, வங்கம் எனப் பன்மொழி கண்டது. நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றிய கொடவடிகண்டி குடும்பராவ், தெலுங்கில் மாயத் தொடர்கதைகளை எழுதிய தாசரி சுப்பிரமணியம், விக்கிரமனுக்கு உருவம் தந்த ஓவியர் சங்கர் ஆகியோர் இதன் தூண்கள். பழைய கதைகள் 25-உடன் முடிந்தும் வேதாளத் தொடர் முடியவில்லை. புதிய கதைகளைச் சுமந்து பல்லாண்டு நடந்தது. வடபுலத்தில் வாழ்ந்த தமிழ்ச் சிறுவனும் அடுத்த வீட்டு மராத்திச் சிறுவனும் ஒரே ஓவியத்தைத் தத்தம் மொழியில் படித்து மகிழ்ந்தனர். பள்ளியில் தமிழ் இல்லாத ஊர்களில், அடுத்து என்ன நேருமோ என்னும் ஆவலே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தூண்டும் ஆசானாயிற்று.

2007-இல் கைமாறிய அவ்விதழ் 2013-ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. 2020-இல் சங்கரும் மறைந்தார். நம் இல்லங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் வளர்கின்றனர். விடை அறிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை வெடிக்கும் என்பது வேதாளத்தின் எச்சரிக்கை. கதை அறிந்தும் சொல்லாதிருக்கும் பெற்றோர்க்கும் அது பொருந்தாதோ?

உமையம்மை இட்ட சாபத்துக்கு விடுதலையும் அவளே வகுத்தாள். புட்பதந்தன் காணபூதிக்குக் கதையுரைத்து விடுபட்டான்; காணபூதி குணாட்டியர்க்கு உரைத்து விடுபட்டான்; குணாட்டியர் உலகுக்கு அளித்து விடுபட்டார். மூவர்க்கும் விமோசனம் ஒன்றே: கேட்ட கதையை அடுத்தவர்க்குச் சொல்லுதல். இன்றிரவு நம் பிள்ளைகளின் படுக்கையருகே அமர்ந்து, வேதாளத்தை மீண்டும் முருங்கை மரத்தில் ஏற்றுவோமாக.