தார் ஷீட்டுக்கு அடியில் பழைய சுண்ணாம்புத் தளம்

மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டி இரண்டு கோடை தாண்டுவதற்குள் அது அப்பளம் மாதிரி உப்பி நிற்கும். மிதித்தால் உள்ளே தண்ணீர் சளக் சளக்குன்னு ஓடும். "ஷீட்டு மட்டமுங்க" என்று சேலம், நாமக்கல் பக்கம் சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். எனக்கென்னவோ அதன் அடியில் இருக்கும் தளத்தின் வரலாற்றைத்தான் முதலில் பார்க்கணும் என்று படுகிறது.

பழைய மச்சு வீடுகளின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் அதைத் திருப்பி விட்டுவிடும்.

1963-ல் சங்ககிரியில் சிமென்ட் ஆலை வந்தது. உத்தரம் போய் கான்கிரீட் வந்தாலும், மேலே அதே சுண்ணாம்பு ஜல்லித் தளத்தைப் போடும் வழக்கம் ரொம்ப நாள் நீடித்தது. தார் ஷீட் வேறு ஊர்ச் சரக்கு. தாரில் பாலிபுரொப்பிலீன் கலந்து, கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டும் முறை 1960-களில் இத்தாலியில் பிறந்தது. அதைக் கொண்டுவந்து, ஈரத்தை ஸ்பாஞ்ச் மாதிரி வைத்திருக்கும் பழைய தளத்தின் மேல் மூடி போட்டுவிடுகிறோம்.

ஈரச் சரக்கை ஏற்றித் தார்ப்பாய் கட்டினால் உள்ளே வியர்க்கும் என்பது எந்த லாரி டிரைவருக்கும் தெரியும். இங்கேயும் அதுதான் கதை. 30 டிகிரியில் இருக்கும் நீராவி அழுத்தம் 70 டிகிரியில் ஏழு மடங்குக்கு மேல் போகும். கோடையில் கறுப்புக் கூரை அந்தச் சூட்டைத் தொடும். பகலில் ஆவி ஷீட்டைத் தூக்கும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, ஓரத்தில் ஊசித்துளி ஓட்டை இருந்தாலும் புது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கொப்புளம் வளர்வது இப்படித்தான்.

அதனால் சும்மா மேலே ஒட்டுப் போட்டால் நிற்காது. ஐப்பசி மழை முடிந்து, மாசி பங்குனியில் கை வைக்கலாம். தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் எல்லை வரைக்கும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கத்தியால் பெருக்கல் குறி மாதிரி அறுத்து நான்கு மடல்களையும் மடக்கி, தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுச் சில நாள் வெயிலில் திறந்து விடணும். டார்ச்சை ரெண்டு நிமிஷம் காட்டிவிட்டுக் காய்ந்தது என்று சொல்வதை நம்பாதீர்கள், அது மேல்தோல் மட்டும்தான். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். அடியில் துளி நின்றால் இன்னும் காயவில்லை.

காய்ந்த பிறகு பிரைமர் அடித்து, மடல்களின் அடிப்பக்கம் பளபளக்கும் வரை சூடாக்கி அழுத்தணும். அதன்மேல் அறுப்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 15 செ.மீ. போகிற மாதிரி, மூலைகளை வட்டமாக வெட்டிய புதுத் துண்டு. ஓரத்தில் தார் லேசாகப் பிதுங்கி வந்தால் நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மாதம் ஆகியும் பிளாஸ்டிக் தாள் வியர்த்துக்கொண்டே இருந்தால், ஊறிப்போன சுண்ணாம்புத் தளத்தை உடைத்து எடுப்பதைத் தவிர வழி கிடையாது. செலவுதான். உள்ளே தண்ணீரும் இல்லாமல், கசிவும் இல்லாமல் இருக்கிற சின்னக் கொப்புளத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடலாம்.